நன்றியுரைக் கோணேசனின் கசெற் கம்பனி

டென்மார்க்கின் இக்காஸ்டில் ஓர் உடுப்புத் தொழிற்சாலையில், சட்டைகளுக்கு இஸ்திரி போடும் மினுக்குப் பகுதியில் நின்ற கோணேசன், ஒரு கசெற் கம்பனிக்கு முதலாளி. முதலாளி என்றதும் யாரும் மிரள வேண்டாம். கம்பனியின் தலைமையகம் அவருடைய பழைய ஓப்பல் காரின் பின்பெட்டி. தொழிலாளர் இரண்டு பேர். ஒருவர் கோணேசன், மற்றவர் மட்டக்களப்பு அல்பேட். இருவருக்கும் சம்பளம் கிடையாது. ஆகவே வேலைநிறுத்தமும் கிடையாது.

ஊரில், திருகோணமலையில், கோணேசன் சினிமாக் கொட்டகைக்கு விளம்பரம் சொல்லித் திரிந்தவர். காரின் கூரையில் ஒலிபெருக்கி, கையில் மைக். "இன்று மாலையும் இரவும்! ஆறு பாட்டு, நாலு சண்டை, அழாத ஆளுக்கு அரை ரிக்கற் திருப்பி! தாய்மாரே, கண் துடைக்க லேஞ்சி மறக்க வேண்டாம்!" என்று ஒரு சந்தியில் தொடங்கினால் அடுத்த சந்தியில்தான் மூச்சு விடுவார்.

எண்பத்தாறில் அகதியாக டென்மார்க்குக்கு வந்ததும் அந்த நாக்குக்கு வேலை போய்விட்டது. டெனிஷ் வகுப்பில் ஆசிரியை மெதுவாகப் பேசச் சொன்னார். மெதுவாகப் பேசுவது கோணேசனுக்குப் பிறவியிலேயே வராத வித்தை. தொழிற்சாலையிலோ நீராவிச் சத்தத்தில் யாரும் யாருடனும் கதைப்பதில்லை.

ஒருநாள் பக்கத்து மேசை டெனிஷ்காரன் தன் றெக்கோடரில் ஓர் அமெரிக்கக் கசெற்றைப் போட்டான். யாரோ ஒருத்தன் தாளத்துக்கு மேலே மூச்சு விடாமல் கதைத்துக்கொண்டே போனான். கோணேசன் மினுக்கியைச் சட்டையின் மேலேயே மறந்துபோனார். சட்டை கருகி மணந்தது. டெனிஷ்காரன் முதலில் சட்டையைக் காப்பாற்றிவிட்டுப் பிறகு விளக்கம் சொன்னான். இதற்குப் பெயர் ராப். இந்த ஆளைப் பெரிய கம்பனி எதுவும் எடுக்கவில்லை. தானே பாடி, தானே பதிந்து, தன் கம்பனிக்குத் தானே பெயர் வைத்து, காரின் பின்பெட்டியில் அடுக்கித் தெருத்தெருவாக விற்கிறான்.

வேலை முடிந்ததும் கோணேசன் அல்பேட் வீட்டுக்கு ஓடினார்.

"அல்பேட், அமெரிக்காவிலை ஒருத்தன் என்ரை வேலையைச் செய்யிறானடாப்பா!"

"என்ன, அவனும் மினுக்கிறானோ?"

"விசர்க்கதை கதையாதை. விளம்பரம் சொல்லுறான்! தாளத்தோடை! எந்தப் படமெண்டு மட்டும் சொல்லுறான் இல்லை."

அல்பேட்டிடம் இரண்டு கசெற் போடுகிற றெக்கோடர் ஒன்றும், தாளம் தானே அடிக்கிற சின்னக் கீபோட் ஒன்றும் இருந்தன. தேவாலயத்தில் பாட்டுப் படிக்க வாங்கியவை. கர்த்தருக்கு வாங்கிய சாமானை அமெரிக்கத் தாளத்துக்குக் கொடுப்பதா என்று அல்பேட் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமை தவிர்ந்த நாட்களுக்குச் சம்மதித்தார்.

மேடை வேண்டுமே. தமிழ்ச் சங்கத் தலைவர் பரமானந்தத்திடம் போனார்கள். எண்பத்தெட்டுப் பொங்கல் விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் தயாராகிக்கொண்டிருந்த நேரம்.

"பாட்டோ? சங்கீதம் படிச்சனீரோ?" என்று பரமானந்தம் கேட்டார்.

"இது சங்கீதம் இல்லை அண்ணை. சும்மா கதைக்கிறது. ஆனா விடாமல் கதைக்கிறது."

"அதுக்குத்தானே தலைவரெண்டு நான் இருக்கிறன்." பரமானந்தம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நன்றியுரைக்கு ஆளில்லை. எடுக்கிறீரோ?"

நன்றியுரைக்கு ஏன் ஆளில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். டென்மார்க்கில் நன்றியுரை என்பது சனம் ஜக்கெற் போடும் நேரம். தை மாதக் குளிருக்கு ஜக்கெற், சால்வை, தொப்பி, பிள்ளைகளின் சப்பாத்து என்று எல்லாம் மாட்டி முடிவதற்குள் மேடையில் நிற்கும் பாவி வெறும் கதிரைகளுக்கு நன்றி சொல்லி முடித்திருப்பார். அந்த வேலையைத்தான் கோணேசன் இரண்டு கையாலும் வாங்கினார்.

விழாவின் கடைசியில் அல்பேட் பொத்தானை அமுக்கினார். கீபோட் டும்டக் என்றது. சனம் எழும்பி ஒரு கையை ஜக்கெற்றுக்குள் விட்டது. கோணேசன் தொடங்கினார்.

"சாம்பார் வைச்ச யோகம்மா அக்காவுக்கு நன்றி, அதிலை
சாடையாய்ப் புளி கூட்டின கைக்கும் நன்றி!
கதிரை தூக்கின நவரத்தினம் அண்ணைக்கு நன்றி, ஒரு
கதிரையும் உடைக்காத குஞ்சுகளுக்கும் நன்றி!
கதவு திறந்துவிட்ட ஸ்வென் ஐயாவுக்கு நன்றி, அவர்
கத்தாமல் பாத்துக்கொண்டு நிக்கிறதுக்கும் நன்றி!"

சனம் ஒற்றைக் கை ஜக்கெற்றோடு அப்படியே நின்றது. அடுத்த பெயர் தன்னுடையதாக இருக்கலாம் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. மண்டபக் காவல்காரர் ஸ்வென் தன் பெயரைக் கேட்டுவிட்டு விளக்கை அணைக்காமல் நின்றார். முடிந்ததும் யோகம்மா முன்னுக்கு வந்தார். "தம்பி, அந்தப் புளிக்கதையை இன்னொருக்காச் சொல்லும்."

இப்படித்தான் கோணமலை கசெற்ஸ் பிறந்தது. அட்டைப்படத்தில் கோணேசன் கறுப்புக் கண்ணாடியோடு ஒரு பென்ஸ் காரில் சாய்ந்து நிற்பார். கார் யாருடையது என்று அவருக்குத் தெரியாது. ஏ பக்கம் இக்காஸ்ட் ஆட்களுக்கு நன்றி, பீ பக்கம் ஓகூஸ், பிரெடெரிசியா ஆட்களுக்கு நன்றி. "அப்ப நாங்கள் என்ன பின்பக்கமோ?" என்று பிரெடெரிசியாக்காரர் சண்டைக்கு வந்தார்கள். அடுத்த பதிப்பில் கோணேசன் இரண்டு பக்கத்திலும் ஏ என்று அச்சடித்துப் பிரச்சினையைத் தீர்த்தார்.

ஆனால் அமெரிக்க ராப்பில் நன்றி இல்லை, பெருமைதான் உண்டு என்று டெனிஷ்காரன் சொல்லியிருந்தான். தன்னைத் தானே புகழாதவன் ராப்பன் இல்லையாம். கோணேசன் அதையும் விடவில்லை. கசெற்றின் முதல் உருப்படி இது:

"ஆமிக் காம்ப் கேற்றடியிலை ஆர் கதைச்சது?
அதிகாரி காது நோக ஆர் கதைச்சது?
வாயாலை பூட்டுடைச்ச வீரன் ஆர், ஆர்?"

ஒவ்வொரு "ஆர்"க்கும் சனம் "கோணேசன்!" என்று கத்த வேண்டும். கத்தியது. ஹேர்னிங்கில் கத்தியது, ஓகூஸில் கத்தியது. பிறந்தநாள் வீடுகளில் கேக் வெட்டுமுன் கத்தியது. திருகோணமலைச் சுற்றிவளைப்பில் பிடிபட்டுப்போய், ஆமிக்காரனோடு கதைத்தே வெளியே வந்த ஆள் என்பதுதான் கோணேசனின் பெயர். அந்தப் பெயருக்காகத்தான் கசெற் விற்றது.

உண்மை வேறு. அன்றைக்கு ஆமி லொறிக்குள் இருந்த கோணேசனுக்கு வாயில் எச்சில்கூட ஊறவில்லை. கேற்றடியில் நின்று கதைத்தது அவருடைய மனைவி நிரஞ்சலா. தமிழில் கதைத்தார், தெரிந்த சிங்களத்தில் கதைத்தார், தெரியாத இங்கிலீசில் கதைத்தார். புருசனின் சுகவீனத்தைக் கதைத்தார், அதிகாரியின் தாயாரைச் சுகம் விசாரித்தார், கொட்டகையில் ஓடும் படத்தின் முழுக்கதையையும் சொன்னார். வெயிலும் ஏறியது. கடைசியில் அதிகாரி, "அந்த ஆளைக் குடுத்து இவளை அனுப்பு" என்றான்.

அந்த நிரஞ்சலா இப்போது கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தார். சட்டப்படி அவர் எப்போதோ இக்காஸ்டுக்கு வந்திருக்க வேண்டும். எண்பத்தேழில் டெனிஷ் நீதி மந்திரி தமிழரின் குடும்ப மனுக்களை மேசை லாச்சிக்குள் ஒதுக்கி வைக்கச் சொன்னார். சட்டம் உரிமை தந்தது, மந்திரி தரவில்லை. இதற்காகப் பின்னாளில் ஓர் அரசாங்கமே வீட்டுக்குப் போனது. அது தொண்ணூற்று மூன்றில். லொட்ஜில் இருக்கிற ஆளுக்கு அதனால் என்ன? எண்பத்தொன்பதில் மனுக்கள் மறுபடி அசைந்தன. அந்த வருசக் கடைசியில் நிரஞ்சலாவுக்கு அனுமதி வந்தது.

கோணேசன் லொட்ஜுக்கு ரெலிபோன் எடுத்தார்.

"நிரஞ்சலா! அனுமதி வந்திட்டுது! வெளிக்கிடும்!"

"நான் வரேல்லை."

"என்ன?"

"பக்கத்து அறைப் பிள்ளையின்ரை தமையன் பிரெடெரிசியாவிலை இருக்கிறாராம். தன்ரை பேர் வருதெண்டு தங்கச்சிக்கு ஒரு கசெற் அனுப்பியிருக்கிறார். முழுக்கக் கேட்டன். ஸ்வென் ஆரப்பா?"

"கதவு திறக்கிறவர்."

"கதவு திறக்கிறவருக்கு நன்றி. கதிரை தூக்கினவருக்கு நன்றி. நான் என்ன செய்தனான் எண்டு ஒரு சொல் இல்லை."

"நீர் வீட்டு ஆள்! வீட்டு ஆளுக்கு ஆராவது நன்றி சொல்லுறதே? வெக்கக்கேடு!"

"நன்றியை விடுங்கோ. கேற்றடியிலை ஆர் கதைச்சது?"

கோணேசன் ரெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"லொட்ஜிலை சின்னப் பிள்ளையளெல்லாம் கோணேசன் கோணேசன் எண்டு கத்துதுகள். நான் கதைச்சதையும் நீங்களே கதைச்சா, நான் அங்கை வந்து வாயை வைச்சு என்ன செய்யிறது? அந்த ஸ்வென்னைச் சமைக்கச் சொல்லுங்கோ." ரெலிபோன் வைக்கப்பட்டது.

கோணேசன் அல்பேட்டிடம் ஓடினார்.

"உண்மையைச் சொல்லிப்போட்டு விடன்" என்றார் அல்பேட்.

"சொன்னா கம்பனி சரிஞ்சிடும். வாயாலை தப்பினவன் எண்டுதானே சனம் வாங்குது."

"அப்ப கம்பனியோடை குடும்பம் நடத்து."

கோணேசன் குறுக்கு வழி ஒன்று கண்டுபிடித்தார். தனியாக ஒரு கசெற்றில் நிரஞ்சலாவுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுப் பதிந்து அனுப்பினார். தாளம்கூடப் போடவில்லை. அடுத்த ரெலிபோனில் பதில் வந்தது.

"கிடைச்சுது. நான்தான் கதைச்சனான் எண்டு சொல்லியிருக்கிறியள். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சதை ஏன் எனக்குச் சொல்லுறியள்? தெரியாத சனத்துக்குச் சொல்லுங்கோ."

அனுமதிக்கும் காலாவதி உண்டு. அது முடிந்தால் மறுபடி மனு, மறுபடி லாச்சி. மறுபடி எந்த மந்திரி வருவானோ? மினுக்குப் பகுதியில் அவர் கையில் சட்டைகள் வரிசையாகக் கருகின. மேற்பார்வையாளர் அவரைப் பொத்தான் எண்ணும் வேலைக்கு மாற்றினார்.

தொண்ணூறாம் ஆண்டுப் பொங்கல் விழா. இப்போது நன்றியுரைதான் முக்கிய நிகழ்ச்சி. சனம் ஜக்கெற்றைத் தொடவில்லை. பரமானந்தம் தன் பெயர் எத்தனையாவதாக வரும் என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டு முன்வரிசையில் இருந்தார். அல்பேட் றெக்கோடரில் புதுக் கசெற் போட்டுப் பதிவை அமுக்கிவிட்டுத் தாளத்தைத் தொடக்கினார்.

"ஆமிக் காம்ப் கேற்றடியிலை ஆர் கதைச்சது?" என்றார் கோணேசன்.

"கோணேசன்!" என்றது மண்டபம்.

"இல்லை!"

தாளம் டும்டக் என்று போய்க்கொண்டிருந்தது. இது புதுப் பகுதி என்று சனம் நினைத்துக்கொண்டது.

"அதிகாரி காது நோக ஆர் கதைச்சது?"

"கோணேசன்!"

"இல்லையெண்டுறன்!"

"கோணேசன்! கோணேசன்!"

"கொஞ்சம் வாயை மூடுங்கோவன்!" என்று கோணேசன் கத்தினார். "நான் இல்லை! நான் லொறிக்குள்ளை இருந்தன். பயத்திலை ஒரு சொல் வரேல்லை. கேற்றடியிலை நிண்டு கதைச்சது என்ரை மனுசி. அவ பேர் நிரஞ்சலா. அவ கதைச்சதாலைதான் நான் இண்டைக்கு இதிலை நிண்டு கதைக்கிறன். நான் அதைக் களவெடுத்துக் கசெற் அடிச்சு உங்களுக்கு வித்தனான்."

அல்பேட் தாளத்தை நிறுத்த மறந்துவிட்டார். கம்பனி முடிந்தது என்று கோணேசன் நினைத்தார்.

யோகம்மா எழும்பினார். "அப்ப அந்தப் பிள்ளையை இன்னும் ஏன் கூப்பிடேல்லை?"

"வரமாட்டனெண்டுறா அக்கா."

"வருவாளோ! நானெண்டாலும் வரமாட்டன்!"

முதலில் பெண்கள் சிரித்தார்கள். பிறகு ஆண்கள், தங்கள் பெண்சாதிமாரின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். "தம்பி, முதலிலை இருந்து கேளும்!" என்று யோகம்மா உத்தரவு போட்டார். கோணேசன் கேட்டார். ஆமிக் காம்ப் கேற்றடியிலை ஆர் கதைச்சது? "நிரஞ்சலா!" அதிகாரி காது நோக ஆர் கதைச்சது? "நிரஞ்சலா!" பெண்கள் பக்கத்துச் சத்தத்தில் கண்ணாடி யன்னல் அதிர்ந்தது. ஸ்வென்கூடக் கத்தினார். எதற்கென்று அவருக்குத் தெரியாது.

"என்ரை பேர் இன்னும் வரேல்லை" என்றார் பரமானந்தம், பக்கத்து ஆளிடம்.

கசெற் அவசரத் தபாலில் கொழும்புக்குப் போனது. கோணேசன் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் ரெலிபோனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். அது அடித்தபோது எடுக்கப் பயந்து கொஞ்ச நேரம் அடிக்க விட்டார்.

"கேட்டன்" என்றார் நிரஞ்சலா.

"ம்."

"வடிவாய்த்தான் கத்தியிருக்கினம்."

"ஓம்."

"லொறிக்குள்ளை இருந்தனெண்டு சொல்லியிருக்கிறியள்."

"ஓம், அது உண்மைதானே."

"லொறிக்குள்ளை சீற்றுக்குக் கீழை."

கோணேசன் நெற்றியைத் துடைத்தார். "அதையும் சொல்லோணுமோ?"

அந்தப் பக்கம் லொட்ஜ் முதலாளி யாரையோ ஏசுவது கேட்டது.

"வேண்டாம். அது எனக்கெண்டு இருக்கட்டும்" என்றார் நிரஞ்சலா. பிறகு, "அங்கை மிளகாய்த்தூள் வாங்கலாமோ, இல்லை இடிச்சுக்கொண்டு வரட்டோ?"

கோணேசன் கையில் ரெலிபோனோடு லேஞ்சி தேடினார்.

"கேக்குதோ? லைனிலை இருக்கிறியளோ?"

"இடிச்சுக்கொண்டு வாரும்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கூட உறைப்பாய்" என்றும் சொன்னார்.