அம்மாவின் படங்களை மாற்றிய மத்தியானம்

அன்று மத்தியானம் வீட்டில் இருந்தது நானும் அப்பாவும்தான். தங்கை கவிதா கூலிமில் தொழிற்சாலை வேலைக்குப் போயிருந்தாள். அம்மா இல்லை. அம்மாவை எரித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்கிற எல்லோரும் கடைசியில் "வேற யாராச்சும் பேசியிருப்பாங்க தம்பி" என்றுதான் முடிக்கிறார்கள். வேறு யாரும் இல்லை.

பேய், ஆவி என்பதெல்லாம் எனக்கு ஒத்துவராத பேச்சு. கரங்கானுக்குப் பக்கத்தில் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே வளர்ந்தவன், எந்த மரத்தில் எது உட்கார்ந்திருக்கிறது என்று எத்தனையோ கதை கேட்டிருக்கிறேன், ஒன்றையும் நம்பியதில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவன் நான். வீட்டில் கரண்ட் பில் கட்டுவதிலிருந்து கைப்பேசி கெட்டுப்போனால் பார்ப்பதுவரை எல்லாம் என் தலையில்தான். நான் ஒன்றைச் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அப்பா நம்பினார். அதுதான் வினையாகப் போனது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அம்மாவின் படம் வேண்டும், பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலை போட. அம்மா படம் எடுத்துக்கொள்கிற ஆளே இல்லை. கோழி, மல்லிகைச் செடி, காலை வணக்கப் பூக்கள் என்று அவர் கைப்பேசி நிரம்பி வழிந்தது, அவர் முகம் தெரிகிற படம் நாலோ ஐந்தோதான் இருக்கும். எங்களிடம் இருந்த மற்றவை பழைய கைப்பேசிகளோடு போய்விட்டன. அந்த நாலைந்தில், என் பட்டமளிப்பு நாளில் யாரோ ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து எடுத்தது ஒன்று, என் அங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரிப்பார். அதையே போடச் சொன்னார் அப்பா.

லூனாஸில் இருக்கும் படக்கடைக்கு அதை அனுப்பப் பார்த்தால் அம்மாவின் கைப்பேசி மறுத்துவிட்டது, உள்ளே இடமில்லையாம். சரி, எல்லாப் படங்களையும் ஒரு மெமரி கார்டுக்கு மாற்றிவிட்டால் கைப்பேசியும் லேசாகும், கார்டையே கடையில் கொடுத்துவிடலாம் என்று பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒன்று வாங்கி வந்தேன்.

மழை ஊற்றிக்கொண்டிருந்தது. அப்பா வாசலைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்தேன். காப்பியா, மூவா என்று கேட்டது. இடம் வேண்டுமே என்று மூவ் அமுக்கினேன், அது படங்களைக் கார்டுக்கு மாற்றிவிட்டுக் கைப்பேசியில் அழித்துவிடும். திரையில் கோடு மெதுவாக ஊர்ந்தது, கைப்பேசி சுட்டது, முடிகிற இடத்தில் நின்றுகொண்டது. அப்போதுதான் கேட்டது.

"ஏங்க, நான் போயிட்டு வரேன்."

அம்மாதான். விடியற்காலையில் தோட்டத்துக்கு உரம் போடக் கிளம்பும்போது சொல்வாரே, அதே குரல். ஹால் முழுக்கக் கேட்டது. அப்பா திரும்பக்கூட இல்லை.

"சரி, போயிட்டு வா. மழ பெய்யுது பாரு, கொடைய எடுத்துக்க."

"ம்."

அவ்வளவுதான். நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயமே வரவில்லை. விரல் பட்டு ஏதோ வீடியோ ஓடிவிட்டது என்று நினைத்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒன்று மட்டும் உறுத்தியது. துக்க வீட்டில் அந்த வார்த்தை ஆகாது. விசாரிக்க வருகிறவர்கள்கூடச் சொல்லிக்கொள்ளாமல்தான் எழுந்து போவார்கள், 'வரேன்' என்றால் துக்கம் திரும்பி வரும் என்பார்கள். அப்பா அதற்கு 'வா' என்று வேறு சொல்லிவிட்டார்.

கார்டைத் திறந்தால் எல்லாம் சாம்பல் நிறக் கட்டங்கள். கழற்றி மாட்டினேன், கார்டு பழுது என்றது. கைப்பேசியிலும் ஒன்றுமில்லை. சாயங்காலம் கவிதா வந்து விஷயம் தெரிந்ததும் கையில் இருந்த பையைத் தரையில் போட்டாள்.

"நீதானண்ணே வீட்ல படிச்சவன்! காப்பி பண்ணிட்டு, வந்திருச்சான்னு பாத்துட்டு அப்புறம் அழிச்சா ஆகாதா? அம்மா மூஞ்சிய ஒரே அமுக்குல தொடச்சிட்டியே!"

"அவனத் திட்டாத," என்றார் அப்பா. "போயிட்டு வரேன்னுதான சொல்லிட்டுப் போனா. படம் எதுக்கு?"

"அது வீடியோப்பா."

"வீடியோ எங்கிட்ட பதில் பேசுமாடா?"

குடையை எடுத்துக்க என்று அவர் சொன்னதற்கு வந்த அந்த 'ம்' அப்போதுதான் எனக்கு மறுபடி கேட்டது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அப்பா வரவில்லை. "வரேன்னவளுக்குப் பிண்டம் வச்சா அவ எப்படிடா வருவா?" என்று நாற்காலியை விட்டு எழவே மறுத்துவிட்டார். படமில்லாமல், வெறும் விளக்கை வைத்து நானும் கவிதாவும் காரியத்தை முடித்தோம். அதற்குப் பிறகு அவர் வேலைக்கும் போகவில்லை. தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் இரண்டு தடவை வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

அந்த வீடியோ ஒன்றாவது கிடைத்தால், இது அம்மா எப்போதோ பேசியதுதான் என்று அப்பாவுக்குக் காட்டி அவரை எழுப்பிவிடலாம் என்று கைப்பேசியையும் கார்டையும் சுங்கைப் பட்டாணியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணன் சில நாள் வைத்திருந்துவிட்டுக் கூப்பிட்டார். ஒரு படமும் தேறவில்லை.

"வீடியோ ஒண்ணு இருந்திருக்கும் அண்ணே. சத்தம் கேட்டிச்சே."

"இதுலயா? கேட்டிருக்காதுலா தம்பி. ஸ்பீக்கர் எப்பவோ துருப்புடிச்சிப் போச்சு. காதுல வச்சாத்தான் பேச்சுக் கேக்கும், வெளிய சத்தமே வராது."

கழற்றிக் காட்டினார், பச்சை பூத்திருந்தது. அம்மாவின் கைப்பேசி மணி அடித்து நாங்கள் கேட்டதே இல்லை, எப்போதும் அதிரும். வேலை நேரத்துக்காக அவரே அப்படி வைத்திருக்கிறார் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தோம்.

வீட்டுக்கு வந்தேன். ஸ்பீக்கர் விஷயத்தை அப்பாவிடம் சொல்லவில்லை, சொன்னால் அவர் நம்பிக்கொண்டிருப்பது இன்னும் உறுதியாகிவிடும். அவர் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

"படம் கெடைக்கலன்னா போவுது. எப்ப வருவான்னு ஏதாச்சும் தெரிஞ்சிச்சா?"

இன்றைக்கும் கதவைத் தாழ் போட விடுவதில்லை. சாலையில் எந்த மோட்டார் சைக்கிள் வேகம் குறைத்தாலும் எழுந்து நிற்கிறார், அது போனதும் உட்காருகிறார். கவிதா அழுது ஓய்ந்துவிட்டாள். சில நாள் மழைபெய்யும் மத்தியானங்களில் நானும் வேலையைப் போட்டுவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், எதற்கென்று கேட்காதீர்கள்.

அப்பாவை அந்த நாற்காலியில் உட்கார வைக்க எனக்கு ஆன செலவு, கார்டுக்கு இருபத்தைந்து, சுங்கைப் பட்டாணிக் கடைக்கு முந்நூற்று எண்பது. மொத்தம் நானூற்று ஐந்து வெள்ளி.