பிய்த்துப் போட்ட ரணகள்ளி

என் வலது காலில் இருக்கும் தழும்பைப் பற்றிக் கேட்பீர்களே பிள்ளைகளே, அது களைக்கொத்து பட்ட காயம். அதை ஆற்றியது, சேக்காட்டில் எங்கள் கொல்லையில் நின்ற ரணகள்ளி. அம்மா அதன் இலையை அனலில் வாட்டிச் சாறு பிழிந்துவிடுவாள். தடித்த இலை, ஓரமெல்லாம் பல். மேனாம்பேட்டுத் தாய்வீட்டை விட்டு வந்த அன்று முந்தானையில் முடிந்துகொண்டு வந்த ஒற்றை இலையிலிருந்து அவள் வளர்த்த செடி அது.

ஆவடியில் பட்டாளத்து லாரிகள் ஓடிய யுத்த காலம். அந்த வருஷம் எங்கள் எருமை பால் மறுத்துவிட்டது. வீட்டில் அத்தை வைத்ததுதான் சட்டம். அப்பாவுக்கு மூத்தவள்; அவள் எதிரில் அப்பாவே வாய் திறக்கமாட்டார். எருமையைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள்.

"இன்னாமே, ஊட்டாண்ட கள்ளிய வெச்சிகினு கீற? குடித்தனம் வெளங்குமா? பொழுது சாயறதுக்குள்ள புடுங்கிக் கடாசு!"

"கடாசக் கூடாது அத்தே!" என்று செடியின் முன்னால் போய் நின்றேன். முதுகில் ஒன்று விழுந்தது. அம்மாவோ, "சரி அண்ணி" என்றாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. பிடுங்கியதோடு விட்டாளா அம்மா? இலை இலையாகப் பிய்த்து வேலியோரம், கிணற்றடி, மாட்டுக்கொட்டகைக் கூரை, அத்தை வளர்த்த முல்லைப் பந்தலடி என்று நாலா பக்கமும் வீசினாள்.

"ஒரு எல கூட உடல அண்ணி, போதுமா?"

அத்தைக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

நான் விடுவேனா? ஓர் இலையை எடுத்து வைக்கோல் போருக்குப் பின்னால் உடைந்த சட்டியில் நட்டு, மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றினேன். சில நாளிலேயே அழுகிக் கூழாகிவிட்டது. அம்மாவோடு பேசுவதை நிறுத்தினேன்.

மழை பிடித்தது. ஒருநாள் காலை அத்தை போட்ட கூச்சலில் எல்லோரும் கொல்லைக்கு ஓடினோம். யாரும் நடாத, யாரும் தண்ணீர் ஊற்றாத அந்த இலைகளின் ஒவ்வொரு பல்லிலும் ஒரு குட்டிச் செடி! வேலியில், கிணற்றடியில், கூரைமேல், முல்லைப் பந்தலடியில்கூட.

"இன்னாமே இது?"

"நீங்க சொன்னாப்பலதான் கடாசினேன் அண்ணி. மறுபடி பிச்சிப் போடட்டா?"

"ஐயோ வாணாம்மே! தொடாத!"

நான் அம்மாவிடம் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். "பாத்தியாமா, நீ பிச்சிப் போட்டும் அது சாவல!"

"ஆமாண்டா. சொன்ன பேச்சே கேக்காத செடி" என்று அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

தோற்றுப்போய் அழுகிறாள் என்று நினைத்தேன். பாவம், பெற்றவளாயிற்றே என்று அன்றோடு அவளை மன்னித்துவிட்டேன்.