மூன்றாம் ஓலை

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். சத்தியம் பண்ணிப் பண்ணி எனக்கு அலுத்துவிட்டது. 1908 நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. இருட்டு இல்லை, பட்டப்பகல். சுடுகாடு இல்லை, பாளையங்கோட்டையில் கிறிஸ்தவர்களின் வேதக்கோயில் ஒன்று. முந்நூறு பேர் நடுவில் என் கண்ணால் பார்த்தேன். இடுப்பில் சங்கிலிக் கடிகாரம் இருந்தது, அதனால் மணி கூடச் சொல்வேன்.

என் பெயர் தில்லைநாயகம். ஆற்றங்கரையில் வயலும் வீடுமாக இருந்த சைவக் குடும்பம். மூத்தவன் என்பதால் எந்தத் தகராறுக்கும் தூது போவது நான்தான். செக்குமாட்டுப் பிழைப்பு. தம்பி வைத்தியலிங்கம் பாளையங்கோட்டைக்குப் படிக்கப் போனவன், வேதத்தில் சேர்ந்து தேவதாசன் என்று பெயர் மாற்றிக்கொண்டான். கெசியா என்றொரு பெண்ணைக் கட்டப்போகிறான் என்று சேதி வந்தது. அவனுக்கோ வீட்டில் பெண்டாட்டி இருந்தாள். எங்கள் தாய்மாமன் மகள் ஆவுடைத்தாய். சின்ன வயதிலேயே தாலி கட்டிவைத்தது. அதைப் பற்றிப் பாதிரியாரிடம் அவன் மூச்சே விடவில்லை.

வேதக்காரர்கள் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபையைக் கேட்பார்கள். இரண்டு ஓலை முடிந்துவிட்டது. மூன்றாவதில் நான் எழுந்து, அவனுக்குப் பெண்டாட்டி உயிரோடு இருக்கிறாள் என்று சொல்லவேண்டும். அப்பா இட்ட உத்தரவு அது. சொல்லாவிட்டால் ஆவுடைத்தாய் கதி அதோகதி.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் என்னிடம் வந்து கேட்டாள். "கல்யாணத்த நிறுத்திட்டா அவுக திரும்பி வந்துருவாகளா, அத்தான்?"

நாலு நாளாகப் பஞ்சாயத்து, தூக்கமில்லை. யோசிக்காமல் சொன்னேன். "நிறுத்தத்தான் முடியும். அவன் வர மாட்டான்."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். நான் படுத்துவிட்டேன்.

விடியுமுன் நாலரைக்கு வில்வண்டி பூட்டியாயிற்று. ஆவுடைத்தாய் வாழையிலையில் கட்டுச்சோறு கொண்டுவந்து தந்தாள். "வண்டியிலயே சாப்பிட்டுருங்க அத்தான்" என்றாள். மறுவார்த்தை பேசாதவள், அன்று அதையே மூன்று தடவை சொன்னாள். சரி சரி என்றேன். வண்டி தெரு முக்கு திரும்புவதற்குள் தூங்கிப்போனேன்.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 8.35. செருப்பை வெளியே விட்டேன். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எல்லோருக்கும் தரையில் பாய். நெற்றி நிறைய விபூதியோடு சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் முறைக்கவில்லை. பக்கத்திலிருந்த அருமைநாயகம் என்ற வாத்தியார் ஒரு புத்தகத்தைப் பக்கம் விரித்துத் தந்து, பயப்பட வேண்டாம், நாங்கள் எழுந்தால் நீரும் எழும், இருந்தால் நீரும் இரும் என்றார். ஓலை எப்போது என்று கேட்டேன். பைபிளிலிருந்து இரண்டு பாடம் வாசிப்போம், இரண்டாவது முடிந்ததும் என்றார்.

ஒன்பது மணிக்கு ஆராதனை ஆரம்பித்தது. சூடம் இல்லை, பிரசாதம் இல்லை. கடவுளிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை வரிசையாக அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். பாதிரியாரை ஐயர் என்கிறார்கள். ஐயர் ஒரு வரி சொல்ல, சபை ஒரு வரி சொல்கிறது. எழுந்தேன், இருந்தேன், முழங்கால் போட்டேன், மறுபடி எழுந்தேன். பிள்ளையாருக்குப் போடுகிற தோப்புக்கரணமே தேவலை என்று இருந்தது. உடம்பெல்லாம் வலி.

9.22. முதல் பாடம். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பக்கம் நடுவில் ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது.

பாவம், என்னைப் போலப் புதுசு போல என்று நினைத்தேன்.

மற்றப் பெண்கள் முக்காடு போட்டிருந்தார்கள். அவளுக்கு முக்காடு இல்லை. கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. நுனியிலிருந்து தண்ணீர்...

சொட். சொட்.

வெளியே மழை இல்லை.

அத்தனை தூரத்தில் சொட்டுகிற சத்தம் எனக்கு எப்படிக் கேட்டது?

9.36. நடுவில் ஒரு ஜெபம். சபை முழுக்க முழங்காலில் இருந்தது. அவள் நின்றாள்.

"அங்க நிக்கிற பொம்பள யாரு?" என்று வாத்தியாரிடம் பைய கேட்டேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "எங்கன வே? எல்லாரும் முழங்கால்லல்லா இருக்காங்க."

கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன்.

9.41. இரண்டாவது பாடம் முடிந்தது. ஐயர் காகிதத்தை எடுத்தார். தேவதாசனுக்கும் கெசியாவுக்கும்... இது மூன்றாந்தரம்... தடை ஏதாவது அறிந்திருந்தால்...

எழுந்துவிட்டேன். வாயைத் திறந்தேன்.

அவள் திரும்பினாள்.

ஆவுடைத்தாய்.

வெளுத்த முகம். வெறுங்கழுத்து. தாலி இல்லை.

"தடை ஒண்ணுமில்ல, அத்தான்."

தூரத்தில் நிற்கிறாள். குரல் என் காதுக்குள் கேட்டது.

ஒரு தலை கூடத் திரும்பவில்லை...

ஐயர் என்னையே பார்த்தார். சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்டார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பயத்துக்கு நடுவிலும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவளே வந்து, அவளே வேண்டாம் என்கிறாள். இனி நான் யாரோடும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

ஒன்றுமில்லை என்று சொல்லி உட்கார்ந்தேன்.

மறுபடி பார்த்தேன். அங்கே ஆள் இல்லை.

ஆராதனை முடிந்து பெண்கள் பக்கம் போய்ப் பார்த்தேன். பாயில் இரண்டு பாத அளவுக்கு ஈரம். கோயில் வேலைக்காரர், மழையே இல்லாத நாளில் யார் தண்ணீரைக் கொட்டியது என்று முணுமுணுத்துக்கொண்டே துடைத்தார்.

ஊர் திரும்பும்போது மணி மூன்று. வீட்டு முன்னால் கூட்டம். என்னைப் பார்த்ததும் அம்மா ஓலமிட்டாள்.

வண்ணான் இசக்கி விவரம் சொன்னான். விடியக்காலம் குளிக்கப் போனவளை, படித்துறைக்குக் கீழே அவன்தான் கரை சேர்த்தானாம். ஆறரை மணிக்கு. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 9.41க்கு அவள் எங்கள் முற்றத்தில் கிடந்தாள். ஊரே சுற்றி நின்றிருக்கிறது.

கழுத்தில் தாலி இல்லை. ஆறு கொண்டுபோய்விட்டது என்றார்கள்.

தம்பி கல்யாணம் அடுத்த வாரம் நடந்தது. தடை கேட்ட நேரத்தில் அவனுக்குப் பெண்டாட்டி உயிரோடு இல்லை. நான் ஐயரிடம் சொன்ன பதில் பொய்யே இல்லை. அவளை நான் பார்த்தது எப்படி என்று இன்றுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

அவளை எரித்துவிட்டு வந்த அன்று சாயங்காலம், திரும்பும்போது வண்டியிலேயே விட்டுவிட்ட கட்டுச்சோற்றை மாட்டுக்குப் போடலாம் என்று பிரித்தேன். புளிச்சோறு. அதன் நடுவில் விரலில் ஏதோ தட்டியது. மஞ்சள் கயிறு, தாலியோடு.

வண்டியிலேயே சாப்பிடுங்கள் என்று மூன்று தடவை சொன்னாள். தெரு முக்கில் பிரித்திருந்தால் கண்டிருப்பேன். வண்டியைத் திருப்பியிருப்பேன். அவள் அப்போது ஆற்றுக்குப் புறப்பட்டுக்கூட இருக்கமாட்டாள்.

எனக்குத் தூக்கம் வந்தது.