மருந்து அட்டையைத் திரும்பக் கேட்கப் போனோம்

அப்பாவின் சர்க்கரை வியாதிக்குப் போடும் ஊசி மருந்து இன்னும் நாலு நாளைக்குத்தான் வரும் என்று அம்மா சொன்னாள். நான் புட்டியை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நாலு நாள்கூட அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதற்குள் சங்கத்தில் மருந்து அட்டை திரும்பக் கிடைக்க வேண்டும். போன வருஷம் இரண்டு வாரம் மருந்து இல்லாமல் இருந்ததற்கு அப்பாவின் வலது கால் விரல் ஒன்று போயிருந்தது.

"அப்பா, டீக்கு இனிமே சீனி வாங்க வேணாம். நீங்க விரலை விட்டுக் கலக்குனா போதும்."

"ஒம்பது விரலுதான்டா பாக்கி. பாத்துச் செலவு பண்ணு" என்றார் அப்பா. காலைத்தான் சொல்கிறார் என்று அம்மாவுக்குத் தெரியும். அவள் சிரிக்கவில்லை.

அட்டை ஏன் போனது என்று சொல்லிவிடுகிறேன். ரங்கூனில் இருந்த தமிழ்ச் சனங்களுக்காக நடத்திய தரும சங்கம் அது. ஏழை நோயாளிகளுக்கு அட்டை கொடுப்பார்கள். அட்டையைக் காட்டினால் மாதாமாதம் மருந்து சும்மா கிடைக்கும். ஒரே ஒரு நிபந்தனை, வீட்டில் ஒரு க்யாத்தாவுக்கு மேல் தங்கம் இருக்கக் கூடாது. எங்கள் ஊரில் தங்கத்தைப் பவுனில் யாரும் சொல்வதில்லை, க்யாத்தாதான்; ஒரு க்யாத்தா ஏறக்குறைய இரண்டு பவுன். ரொக்கத்தைப் பற்றிச் சங்கம் கேட்டதே இல்லை. நோட்டு செல்லாது என்று திடீரென்று ரேடியோவில் சொன்ன ஊரில் எவன் நோட்டைச் சேர்ப்பான்? கையில் கொஞ்சம் மிஞ்சினால் நேராகத் தங்கக் கடைக்குத்தான் ஓடுவார்கள்.

கால் முடியாமல் போனதும் அப்பா க்யிம்யிண்டைங் சந்தையில் வைத்திருந்த வெங்காயக் கடை இடத்தை விற்றார். அந்தப் பணத்துக்கு வளையல் வாங்கினோம், மூன்று க்யாத்தா. சங்கத்து ஆட்கள் வீட்டைப் பார்க்க வந்தபோது அம்மா பொய் சொல்லத் தெரியாமல் வளையலை எடுத்துக் காட்டினாள். அட்டை அன்றைக்கே போனது. அப்புறம் ஒன்றரை வருஷம் மருந்தை வெளியில் வாங்கினோம். வளையல் ஒவ்வொன்றாகப் போனது. விற்கப் போனது நான்தான். ஒவ்வொரு தடவையும் கடைக்காரன் தந்த சீட்டை அம்மா பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாள். வீட்டில் தங்கம் தீர்ந்தது என்று சங்கத்துக்கு அந்தச் சீட்டுகளைக் காட்டினால் போதும் என்று நினைத்தோம்.

போகிற அன்று காலையில் பக்கத்து வீட்டு அக்கா வந்தாள். புருஷன் இல்லாதவள். வலிப்பு வரும் ஒரு பையனை வைத்துக்கொண்டிருந்தாள், அவனுக்கும் அதே சங்கத்தில்தான் மாத்திரை. அம்மாவுக்குத் தலை வாரிவிடுகிறேன் என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே வந்தபோது அம்மாவின் கழுத்தில் சங்கிலி மின்னியது.

"என்னம்மா இது, பிச்சை கேக்கப் போறோமா, பொண்ணு பாக்கப் போறோமா?"

"வெறுங்கழுத்தோட நாலு பெரியவங்க முன்னாடி போயி நிக்கச் சொல்றியா? வாய மூடிக்கிட்டு வா."

சரிதான், மிங்கலா சந்தையில் வாங்கிய கவரிங் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுத் தங்கத்தையெல்லாம் நானே விற்றிருக்கிறேன், எனக்குத் தெரியாத தங்கம் ஏது? எங்கள் தமிழ்ப் பெண்களுக்கு இது ஒரு நோய். கல்யாணத்துக்குப் போனாலும் சரி, கருமாதிக்குப் போனாலும் சரி, ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தாலும் சரி, கழுத்தில் ஏதாவது கிடக்க வேண்டும். ஏழை என்று சொல்லிக்கொள்ளப் போகும் இடத்துக்கும் அதே அலங்காரம்தான்.

சங்கத்து அறையில் மேசைக்குப் பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், நாங்கள் முன்னால் நின்றோம். ஒருவர் தலைவர். இன்னொருவர் நகைக்கடை வைத்திருந்தவர், எல்லாரும் தட்டார் மாமா என்பார்கள். நகை விஷயத்தில் சங்கத்துக்கு அவர் பேச்சுதான் பேச்சு. தலைவர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கூட்டினார்.

"மூணு க்யாத்தாவும் சரியா இருக்கு. வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்லைங்கய்யா" என்றாள் அம்மா.

தட்டார் மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டு அம்மாவின் கழுத்தைப் பார்த்தார். "அப்ப இது என்னம்மா?"

அம்மா வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன்.

"அது பித்தளை மாமா! நாலு நாள் வேர்வை பட்டா பச்சையாயிரும். நம்பிக்கை இல்லாட்டி உரசிப் பாருங்க."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். "கழட்டிக் குடும்மா, அசலா போட்டிருக்கே?" என்று இன்னும் எடுத்துக் கொடுத்தேன். தட்டார் மாமா கையை நீட்டிக்கொண்டே இருந்தார். அம்மா மெதுவாகக் கழற்றினாள்.

அவர் பையிலிருந்து உரைகல்லை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தார். ஒரு சொட்டுத் திராவகம் விட்டார். கோடு அழியவில்லை. மறுபடியும் இழுத்தார். அப்புறம் சின்னத் தராசில் போட்டார்.

"பித்தளை இல்ல தம்பி. நல்ல தங்கம். ஒண்ணேகால் க்யாத்தா."

மேசையில் கிடந்த சங்கிலியின் கொக்கியைப் பார்த்தேன். உடைந்த கொக்கியைச் செம்புக் கம்பியால் கட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா குழாயடியில் குனியும்போது எத்தனையோ தடவை அந்தச் செம்புக் கம்பியைப் பார்த்திருக்கிறேன். அவளிடம் ஒண்ணேகால் க்யாத்தா இருப்பது சங்கத்துக்குத் தெரியாது. தெரிந்தால் அவள் பையனின் அட்டை போய்விடும்.

தலைவர் பேனாவை மூடினார். "பொய் சொல்லிட்டீங்களேம்மா."

"என்னுது இல்லைங்கய்யா. இரவல்."

"யாருகிட்ட வாங்குனீங்க? பேரச் சொல்லுங்க. அவங்க வந்து என்னுதுன்னு ஒரு வார்த்தை சொன்னா இப்பவே அட்டை போட்டுரலாம்."

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விசிறி சுற்றியது, நின்றது. கரண்டு போய்விட்டது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"பேரச் சொல்றதுல என்ன கஷ்டம்?" என்றார் தட்டார் மாமா. "இரவல் குடுத்தவங்கள நாங்க தூக்குலயா போடப் போறோம்? ஒரு வார்த்தைதான கேக்குறோம்."

எனக்கு அப்பாவின் கால்தான் கண்ணில் நின்றது. பேர் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் நாலு நாள் கணக்கு முடிந்துவிடும், அப்பாவுக்கு மருந்து வந்துவிடும். அந்தப் பையன் போன வாரம்தான் தெருவில் விழுந்தான், அவன் பல்லுக்கிடையில் துணி வைத்தது நான். "மாமா, அது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

மேசைக்கு அடியில் அம்மாவின் குதிகால் என் பெருவிரலை மிதித்தது. முழு எடையையும் போட்டு மிதித்தாள். நான் நிறுத்திவிட்டேன்.

"தம்பி என்னமோ சொல்ல வந்தானே?" என்றார் தலைவர்.

"அவன் வாயி எப்பவும் அப்படித்தாங்கய்யா. எதையாவது உளறுவான்."

"அப்ப எங்களால ஒண்ணும் செய்ய முடியாதும்மா." சீட்டுகளை அடுக்கி அம்மா பக்கம் தள்ளினார்.

அம்மா சீட்டுகளை எடுக்கவில்லை. ரவிக்கைக் கழுத்துக்குள் விரலை விட்டு ஒரு கயிற்றை வெளியே இழுத்தாள். மஞ்சள் கயிறு. நாள்பட்டு, வேர்வையில் கறுத்துப்போன மஞ்சள். அதில் தாலி.

"ஐயா, எனக்குச் சொந்தமா ஒரு சங்கிலி இருந்தா இதக் கயித்துலயா கோத்துப் போட்டிருப்பேன்?"

இரண்டு பேரும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அம்மாவின் தாலிக்கொடி போனது எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. போன மாதம் வந்த மருந்துக்கு அப்பாவின் பழைய சந்தைக் கூட்டாளி பணம் கொடுத்தார் என்றுதான் அம்மா சொல்லியிருந்தாள். விற்க என்னை அனுப்பவில்லை. தானே போயிருக்கிறாள்.

"கொடி வித்த சீட்டு?" என்றார் தலைவர், ஜன்னலைப் பார்த்தபடியே.

"தாலிக்கொடிய வித்துட்டு அதுக்குச் சீட்டு கேட்டு வாங்கிட்டு வருவாங்களாங்கய்யா?"

தட்டார் மாமா தராசைத் துடைத்துத் தட்டுகளை ஒன்றுக்குள் ஒன்று வைத்தார். அவசரமே இல்லாமல் அதைச் செய்தார். அப்புறம் சங்கிலியை எடுத்து அம்மாவிடம் கொடுக்காமல் என் கையில் வைத்தார்.

"எங்கருந்து வந்துச்சோ அங்க குடுத்துரு. சாயங்காலம் நாங்க வீட்டப் பாக்க வருவோம். அதுக்குள்ள குடுத்துரு." தலைவரைப் பார்த்துத் தலையாட்டினார். "மூணு மாசம் போட்டு வைங்க. அப்புறம் மறுபடி பாக்கலாம்."

தலைவருக்கு அது பிடிக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். வருஷ அட்டை இல்லை, மூன்று மாதத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு. அதற்கு அந்த மாதத்து மருந்து இரண்டு புட்டி கொடுத்தார்கள்.

பஸ் ஏறினோம். நிற்க இடமில்லாத கூட்டம். நான் சங்கிலியை லுங்கி முடிச்சுக்குள் சுருட்டி, முடிச்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தேன். இறங்கும்போது அம்மா சொன்னாள், "இன்னொருக்கா உரசிப் பாருன்னு சொல்லு, உன் நாக்க உரசிப் பாக்குறேன்."

பக்கத்து வீட்டு அக்கா வாசலிலேயே நின்றாள். சங்கிலியை வாங்கி மூடிய கைக்குள் வைத்துக்கொண்டாள். "கெடைச்சுச்சாடா?"

"மூணு மாசத்துக்கு."

"இது யாருதுன்னு யாரும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. அம்மா சொல்லல."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சாயங்காலம் அவர்கள் வந்து எங்கள் அரிசிப் பானைக்குள்கூடக் கையை விட்டுப் பார்த்துவிட்டுப் போகும்வரைக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை.

அவர்கள் போனபிறகு அம்மா புதுப் புட்டியை உடைத்து அப்பாவுக்கு ஊசி போட்டாள். நான் கால்மாட்டில் உட்கார்ந்து அவர் கால் புண்ணுக்குப் போட்ட கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"சங்கிலி கிங்கிலி எல்லாம் போட்டுக்கிட்டுப் போனியே" என்றார் அப்பா. "மரியாதையா நடத்துனாங்களா?"

அம்மா ஊசியை உருவிப் பஞ்சை வைத்து அழுத்தினாள்.

"ம். உக்காரச் சொன்னாங்க."