சூளைக்குள் போகும் முறை

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த மறுவருஷம் விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். எங்கள் ஊர் திட்டக்குடிப் பக்கம். வீட்டில் எல்லோருக்கும் மல்லாக்கொட்டைக் கொல்லையில் வெயில் வேலைதான். "எம்மவன் நெழல்ல வேலை செய்யப் போறான்" என்று அப்பா பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிவந்தார்.

பயிற்சியில் ஒவ்வொரு பிரிவாக மாற்றிமாற்றி அனுப்புவார்கள். களிமண் அரைப்பதும் அச்சில் ஊற்றுவதும் எனக்குப் பிடித்திருந்தன. அப்புறம் சூளை முறை வந்தது.

சூளை ஒரு சின்ன அறை அளவு இருக்கும். ஜன்னல் கிடையாது. குனிந்து நுழைய ஒரே வாசல். கப்பும் சாஸரும் வைத்த கனமான மண்பெட்டிகளை உள்ளே கூரை வரை அடுக்க வேண்டும். பிறகு வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, மண் பூசி, தீ மூட்டுவார்கள்.

முதல் நாள் உள்ளே போனதுமே வாசலைத் திரும்பிப் பார்த்தேன். முந்தைய சூடு சுவரில் இன்னும் ஆறவில்லை. என் மூச்சே எனக்குப் பெரிதாகக் கேட்டது. வயிற்றுவலி என்று வெளியே வந்துவிட்டேன். அடுத்த நாள் தலைவலி. அதற்கடுத்த நாள் சொல்ல வலி எதுவும் அகப்படவில்லை.

அன்று கடைசி வரிசை அடுக்கிக்கொண்டிருந்தோம். நேரம் மிச்சமாகட்டும் என்று வெளியே ஒருவர் வாசலில் கீழ்வரிசைச் செங்கல்களை வைக்கத் தொடங்கினார். தாண்டிப் போகிற உயரம்தான். ஆனால் என் காலடியிலிருந்து வெளிச்சம் குறைவதைத்தான் நான் பார்த்தேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. செங்கலை உதைத்துத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தேன். அந்த வேகத்தில் தோள் பட்டு உள்ளே ஓர் அடுக்கே சரிந்தது. கப்புகள் நொறுங்கின. ஃபோர்மேன் அங்கே வருவதற்குள் நான் பஸ் ஸ்டாண்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் லீவு என்று சொன்னேன். அப்பா நம்பினார். அதுவே இன்னொரு பயமாகிவிட்டது.

மறுநாள் மத்தியானம் என்னோடு பயிற்சியில் இருந்த நண்பன் எங்கள் கொல்லைக்கே வந்து நின்றான். விருத்தாசலம் கடைவீதி ஜவுளிக்கடைக்காரர் மகன் அவன்.

"இன்னைக்கும் லீவுதானாப்பா?" என்று அப்பா கேட்டார்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். "ஆமாங்க. நாளைக்கு ஸ்கூலு இருக்குது" என்றான். பயிற்சியை அவன் ஸ்கூல் என்றுதான் சொல்வான்.

அப்பா அந்தப் பக்கம் போனதும் கேட்டேன். "பேர எடுத்துட்டாங்களாடா?"

"இல்லடா. ஒடஞ்சத நீயே கூட்டி அள்ளணுமாம். ஃபோர்மேன் அவ்ளோதான் சொன்னாரு."

"கப்ப விடுடா. என்னால உள்ள போவ முடியாது. அடைச்சிடுவாங்கன்னு தோணுது." அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

அவன் சிரிக்கவில்லை. "நான் வாசல்ல நிக்கிறேன். நான் நிக்கறப்ப எவன் செங்கல் வைப்பான்?"

சொன்னபடியே நின்றான். உள்ளே பெட்டியை நீட்டிக்கொண்டே பேசுவான். அவன் அத்தா கடையில் எல்லாத் துணியையும் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு எதுவும் வாங்காமல் போனவர்கள், பெருநாள் கூட்டத்தில் செருப்பு மாற்றிப் போட்டுப் போனவர்கள் என்று கதை ஓயாமல் வரும். சற்று நிறுத்தினாலும் "பேசுடா" என்று உள்ளிருந்து கத்துவேன். பயம் ஒரு நாளும் குறையவில்லை. சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருக்கும். ஆனால் பெட்டிகள் அடுக்கப்பட்டன. சூளை முறை முடிந்தது. பின்னாளில் அச்சுப் பிரிவாகப் பார்த்து வேலை தேடிக்கொண்டேன். அவன் வளைகுடாவுக்குப் போனான்.

சூளை முறையின் கடைசி நாள் வாசல் அடைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நான் ஒவ்வொரு வரிசைக்கும் குனிந்து, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டேன். எல்லோரும் வெளியே என் பக்கத்தில்தான் நின்றிருந்தார்கள். சிரித்தார்கள்.

"கேக்கட்டும், வுடுங்க" என்றார் ஃபோர்மேன்.

கை நுழைகிற இடைவெளி மட்டும் இருந்தபோது இன்னொரு தடவை கேட்டுவிட்டு, கடைசிச் செங்கலை வைத்தேன்.