பிள்ளைத்தாச்சி புருஷன் மொட்டை போட்டிருந்தார்

அன்றைக்குக் கர்ப்பிணிகள் வரிசையில் ஒரே சிரிப்பு. ராஜபாளையத்திலிருந்து செல்வி என்ற பெண் ஏழாம் மாச செக்கப்புக்கு வந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் கணேசனுக்கு மழமழவென்று மொட்டை. (ரெண்டும் நான் வைத்த பேர்கள்.) நம்ம பக்கம் பெண்டாட்டி மாசமாக இருந்தால் ஆம்பளை சலூன் பக்கமே போக மாட்டான். பிள்ளை பிறந்த பிறகுதான் தாடியே எடுப்பான்.

"ஏட்டி, ஒன் வீட்டுக்காரருக்கு எம்புட்டு தைரியம்?" என்று வரிசையில் ஒருத்தி கேட்டாள்.

"நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளுக்கு வேண்டுதலாம்க்கா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. எங்க மாமியா இவிய கூடப் பேசுறதே இல்ல" என்றாள் செல்வி.

நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர். எச்.ஐ.வி., சிபிலிஸ் மாதிரி பாலியல் தொற்றுகளைப் பற்றிப் பேசி, டெஸ்டுக்கு அனுப்புவது என் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். அந்த வாய் இல்லாமல் இந்த வேலையை எப்படிப் பார்ப்பதாம்? கணேசன் முகத்தில் சாமிக்கு முடி கொடுத்தவர் களை இல்லை. ரூமுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"தம்பி, என்ன வேண்டுதல்?"

"சும்மாதான் மேடம்."

"சும்மா ஒருத்தர் மொட்டை போடுவாரா? அதுவும் இப்ப?"

மொட்டையைத் தடவிக்கொண்டே சொன்னார். "முடி அங்கங்க திட்டுத் திட்டா கொட்டிருச்சு. புழுவெட்டுன்னு சின்ன வெங்காயம் தேச்சேன், கேக்கல. மில்லுல ஒரே கேலி. அதான் மொத்தமா எடுத்துட்டேன்."

புழுவெட்டாகவும் இருக்கலாம். இல்லாமலும் போகலாம். "வேற எங்கயாவது தடிப்பு வந்துச்சா?"

"உள்ளங்கை, உள்ளங்கால்ல செவப்பா வந்துச்சு. அரிக்கல. தானா போயிட்டு."

"அதுக்கு முன்னால, கீழ புண்ணு?"

ஆமாம் என்று தலையாட்டினார். "வலிக்கவே இல்ல மேடம். வலிச்சிருந்தா டாக்டர்ட்ட வந்திருப்பேன்ல."

வலி இல்லை, அரிப்பு இல்லை, தானாக மறைந்தும் போகும். சிபிலிஸ் இப்படித்தான் ஆளை ஏமாற்றும். செல்விக்கு மூன்றாம் மாசத்தில் எடுத்த டெஸ்டில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் இவர் மில் மெஷின் மாட்டிக் கொடுக்கிற வேலைக்கு வெளியூர் போய்விட்டு வந்திருக்கிறார். டாக்டர் அவரைப் பரிசோதித்துவிட்டு, உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். ரியாக்டிவ், அதாவது தொற்று இருக்கிறது.

இனி அவரைப் பற்றிய கவலை எனக்குக் குறைவு. பென்சிலின் ஊசிக்கு இது கேட்கும். கவலையெல்லாம் வயிற்றில் இருக்கிற பிள்ளையைப் பற்றித்தான். அம்மாவிடமிருந்து தொற்று போனால் பிள்ளை வயிற்றிலேயே தவறிவிடலாம், குறையோடும் பிறக்கலாம். பிரசவத்துக்கு முன்னால் போதிய நாள் விட்டு அம்மாவுக்கு ஊசி போட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

கணேசன் என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மேடம், அவளுக்குச் சத்து ஊசின்னு சொல்லிப் போட்டுருங்களேன். தெரிஞ்சா அம்மா வீட்டுக்குப் போயிருவா. திரும்பி வர மாட்டா."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "பொய் சொல்லி ஊசி போடுற எடம் இது இல்ல தம்பி. உங்க நோயை நான் அவட்ட சொல்லவும் மாட்டேன். நீங்கதான் சொல்லணும். பக்கத்துல நான் இருக்கேன்."

செல்வியைக் கூப்பிட்டோம். அவர் பாதிதான் சொல்லியிருப்பார். அவளுக்கு அது போதுமாக இருந்தது. அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"இன்னைக்கே டெஸ்ட் எடுத்து, இருந்தா இன்னைக்கே ஊசி போட்டா, நல்லா இருக்கதுக்கு நெறைய வாய்ப்பு இருக்கு."

"அப்ப மொதல்ல அதப் பாருங்க. இவியட்ட பொறவு பேசிக்கிடுதேன்."

அவளுக்கும் ரியாக்டிவ். ரெண்டு பேருக்கும் அன்றைக்கே ஊசி. சிகிச்சை முடிந்து டாக்டர் சொல்லும்வரை சேரக் கூடாது என்றேன். "அத நீங்க வேற சொல்லணுமாக்கும்" என்றாள் செல்வி. பாவம், கணேசன் ஊசி போட்ட இடத்தைத் தடவிக்கொண்டு வெளியே போனார்.

அவள் அம்மா வீட்டுக்குப் போகத்தான் செய்தாள். ஆனால் எந்த செக்கப்பும் தவறவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் முன்னாலேயே வந்து காத்திருப்பார். முதலில் ரெண்டு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்தவள், கடைசி மாசத்தில் பையை அவர் கையில் கொடுத்தாள்.

பெண் குழந்தை. பிள்ளை ரத்தத்திலும் டெஸ்ட் லேசாகக் காட்டியதும் டாக்டரிடம் ஓடினேன். அம்மாவிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தியாக இருக்கும், தொடர்ந்து பார்ப்போம் என்றார் டாக்டர். மாசம் போகப் போக அது குறைந்து, ஒரேயடியாக இல்லாமல் போனது. அந்த ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு லேபிலேயே நான் அழுதேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளே, மூன்றாம் மாச ரிசல்ட் நல்லபடியாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பிறகும் ஒரு தடவை எடுக்கச் சொல்லுங்கள். கூட வருகிற ஆம்பளையையும் உட்கார வைத்துக் கேளுங்கள். இதை நான் சொல்வதைவிடச் செல்வி நன்றாகச் சொல்வாள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், மாசமாக இருந்த தன் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இடுப்பில் பிள்ளை, வாசலில் நாத்தனார் புருஷன் போனைப் பார்த்தபடி நின்றார். "மேடம், இவளுக்கு அந்த டெஸ்ட்ட இன்னொரு தடவை எடுங்க" என்றவள், வாசல் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, அங்க என்ன வேலை? நீங்களும் உள்ள வாங்க. உங்களுக்குந்தான்."