துடைத்த கண்ணாடி

முதலில் வாயைக் குவித்துக் கண்ணாடியில் ஓர் ஊது. பிறகு கணவர் இடுப்பில் உடுத்துக் கழித்த பழைய சாரத்தில் கிழித்தெடுத்த துண்டால் மூன்று சுற்று. அருங்காட்சியகம் கொடுத்த துணியை அன்ரனிற்றா அக்கா தொடுவதே இல்லை. "உது துடைக்கிற துணியில்லைத் தம்பி, ஊத்தையை மற்றப் பக்கம் கொண்டுபோற துணி."

அக்காவின் வீடு ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில், எங்கள் தெருவில். பக்கத்து நகரத்துச் சின்ன அருங்காட்சியகத்தில் பதினொரு வருடமாகத் துப்புரவு வேலை. ஆட்கள் வரும் நேரத்திலும் துணியோடு கூடத்தில் நிற்பார். முழங்காலில் நோ, மூக்கின் மேல் கோபம்.

2006 கோடையில் அங்கே அமெரிக்கப் பூர்வகுடிகளான லக்கோட்டா மக்களின் ஓவியங்கள் வந்தன. வரையத் தோல் கிடைக்காமற்போன காலத்தில், வெள்ளையர் கழித்த கணக்குப் புத்தகத் தாள்களில் ஆண்கள் தங்கள் போர்களை வரைந்தார்கள். அவை ஒரு சுவர் முழுக்க. எதிர்ச் சுவரில், அதே மாதிரிப் பழந்தாள்களில், இன்று வாழும் ஒரு லக்கோட்டாப் பெண் வரைந்த ஐந்து படங்கள். தோல் சுரண்டுகிறவள், கூடாரம் நிமிர்த்துகிறவர்கள், மகளுக்குப் பின்னல் போடும் தாய், சலவைக்கூடத்தில் உடுப்பு மடிப்பவள், குதிரையில் பிள்ளையோடு போகிறவள். யாரோ எழுதிய பழைய எழுத்துகள் அவர்களின் பாவாடைக்குள்ளால் தெரியும்.

கூட்டமெல்லாம் போர்ச் சுவருக்குத்தான். பூர்வகுடி வேடம் போட்டு, தலையில் இறகு குத்திக்கொண்டு வரும் வளர்ந்த மனிதர்களை இந்த நாட்டில் பார்க்கலாம். "சண்டையைக் கண்டால் கண்ணாடியை நக்கிப்போட்டுத்தான் போவினம்" என்பார் அக்கா. அந்தச் சுவருக்கு இரண்டு நாளைக்கு ஒரு துடைப்பு. பெண்கள் சுவரிலோ விரலடையாளம் விழுந்த நிமிடமே துடைத்துவிடுவார். தோல் சுரண்டுகிறவளிடம், "உமக்கும் முழங்கால் போயிருக்கும், என்ன?" என்று கேட்டபடி துடைப்பார். ஒருநாள் ஒரு துருக்கிப் பெண் பின்னல் படத்தில் உள்ளங்கையை வைத்தபடி நெடுநேரம் நின்றாள். அவள் வாசலைத் தாண்டுமுன் அக்கா அந்தக் கைத்தடத்தை அழித்துவிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகப் பொறுப்பாளர் வந்தார். போர்ச் சுவரின் கண்ணாடியில் பதிந்திருந்த மூக்குகளைக் காட்டினார். பெண்கள் சுவரின் பளபளப்பைக் காட்டினார். இங்கே ஒருவரும் நிற்பதில்லை, வருகிற திங்கட்கிழமை இவற்றைக் கழற்றிவிட்டு ஓர் இறகுக் கிரீடம் வைக்கப்போகிறோம் என்றார். நான்தான் துடைத்தேன் என்று அக்கா சொன்னதற்கு, "செர் குட்" என்று தோளில் தட்டினாராம் அந்த மனிதர். மிக நன்று. இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அரை மணி நேரம் அந்தக் கூடத்தில் நின்று பார்க்க அவருக்கு நேரமில்லை. மூக்கை ஒட்டாமல் தள்ளி நின்று பார்க்கத் தெரிந்தவர்கள் அவருக்கு ஆட்களே இல்லை.

"எத்தனை பொம்பிளையள் நிண்டு பார்த்தவை. எல்லாரையும் நானெல்லோ அழிச்சுப்போட்டன்" என்றார் அக்கா. "அந்தாளிலை அரைவாசிக் கோவம். மிச்சம் என்னிலை."

ஆனால் விடவில்லை. ஞாயிறு மாலை திரும்ப வந்து பார்க்கச் சொல்லிப் பொறுப்பாளரிடம் கேட்டிருக்கிறார். சிரித்துக்கொண்டே சம்மதித்தாராம்.

ஞாயிறு நானும் போனேன். சாரத்துண்டு மடித்தபடி அக்காவின் சட்டைப்பையில் கிடந்தது. ஐந்து நாளாகப் பெண்கள் சுவரைத் துடைக்கவில்லை. பின்னல் படத்தில் மூன்று கைகள் பதிந்திருந்தன. கூடாரத்தின் மேல் ஏதோ ஒரு குழந்தையின் வாய். தோல் சுரண்டுகிறவளின் கண்ணாடி மட்டும் இன்னும் சுத்தமாக இருந்தது.

படியில் பொறுப்பாளரின் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

"பதினொரு வருசமாக் கூட்டுறன். எனக்கும் கண் இருக்குத்தானே, நானும் பார்க்கிற ஆள்தானே" என்றார் அக்கா. மத்தியானம் எண்ணெயில் பொரித்த றோல்ஸ் சாப்பிட்ட வலக்கையைக் கழுவாமலே வைத்திருந்தார். ஐந்து விரலையும் அகல விரித்து, தோல் சுரண்டுகிறவளின் கண்ணாடியில் அழுத்தி வைத்தார்.